யாருக்கோ அடிபட்டுடுச்சு

தமிழ்ச்செல்வியின் கை குணமான பிறகுதான் அந்த வீட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கை வீங்கி, மூட்டு மூட்டாகப் புடைத்து, அவள் படாத பாடு பட்ட மூன்று வருஷமும் வீடு சும்மாத்தான் இருந்தது. வீக்கம் வடிந்து, ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லாம் சரி என்று வந்த அந்தப் பங்குனி மாசத்திலிருந்து டொக் டொக்கென்று இரண்டு தட்டு. இரண்டே இரண்டு. மூன்றாவது தட்டு ஒரு நாளும் கேட்டதில்லை.

முதல்நாள் அவள் புருஷன் அன்பரசு அதை வாசல் கதவு என்றுதான் நினைத்தான். பகல் மூன்று மணி. பண்ருட்டி மண்டியிலிருந்து வந்து, பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோன நேரம். எச்சில் கையோடு எழுந்துபோய்க் கதவைத் திறந்தால் தெருவில் ஈ காக்கை இல்லை. எதிர்வீட்டு நாய்கூட வேப்பமர நிழலில் செத்தது மாதிரி படுத்துக் கிடந்தது.

"யாருடி கதவத் தட்னது?"

தமிழ்ச்செல்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "கதவு இல்ல மாமா, யாருக்கோ அடிபட்டுடுச்சு" என்றாள்.

"யாருக்கு?"

"இன்னா யாருக்கு?"

"இப்ப நீதான சொன்ன, யாருக்கோ அடிபட்டுடுச்சின்னு."

"நானா? நான் எங்க சொன்னேன்? வெயில்ல வந்தது உனுக்கு மண்ட காஞ்சிபோச்சி. ஒக்காந்து சோத்தத் துன்னு மாமா, ஆறுது."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தான் சொன்னதே அவளுக்குத் தெரியவில்லை. அது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்பரசுவுக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணாகிராமத்துக்கு மேற்கே, முந்திரிக்காடு முடிந்து ஊர் தொடங்குகிற இடத்தில் அவர்கள் வீடு. அன்பரசு பலா மண்டியில் தரம் பிரிக்கிறவன். லாரியிலிருந்து இறங்குகிற பழத்தை இரண்டு விரலால் தட்டுவான். காதைக் கிட்டே கொண்டுபோவான். "இது நாளைக்கி, இது ரெண்டு நாளு, இது உள்ள அழுவல், தூரப் போடு" என்று சொல்லிக்கொண்டே போவான். அறுத்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் இருக்கும். முப்பது வருஷத் தொழில். வெளியே தட்டினால் உள்ளே இருப்பது தெரியும் என்று நம்பிப் பிழைக்கிறவன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

தமிழ்ச்செல்வி முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். பதினெட்டு வயசில் வாழ்க்கைப்பட்டு வந்த மறு மாசமே தெருக்கோடியில் இருக்கும் இருசம்மாள் கொட்டாயில் உட்கார்ந்தாள். கருங்கல்லின் மேல் கொட்டையை நிறுத்தி, இடது கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருக்கும் கட்டையால் ஒரே போடு. ஓடு பிளக்கும், பருப்பு உடையாது. ஓட்டிலிருந்து வருகிற பால் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் விரலுக்குச் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். இருபத்தாறு வருஷம் அந்தக் கை அப்படி உழைத்தது.

அப்புறம் வந்தது நோய். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. ஜாக்கெட் கொக்கியை அன்பரசு போட்டுவிட வேண்டும். தலை வாரிவிட வேண்டும். அதுவும் பத்து மணி வெயில் ஏறினால்தான் விரல் ஒவ்வொன்றாக வழிக்கு வரும். விரல் முட்டி ஒவ்வொன்றும் பலாக்கொட்டை பருமன் வீங்கிச் சிவந்து கிடக்கும். கடலூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "இது வயசுனால வர்ற மூட்டுவலி இல்ல, முடக்குவாதம், ரத்தத்துல இருக்குது" என்று சிதம்பரத்துக்கு அனுப்பினார். சிதம்பரத்தில் டாக்டர் சுவேதா வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, மாசத்துக்கு ஒரு ஊசி என்று விடாமல் பார்த்ததில் ஒன்றரை வருஷத்தில் வீக்கம் மொத்தமும் இறங்கிவிட்டது. கல்யாணத்தன்று மஞ்சள் பூசி நீட்டினாளே, அந்த விரல் திரும்பி வந்துவிட்டது. அன்பரசு மண்டியில் எல்லாருக்கும் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தான். அன்றையிலிருந்து அடுப்படியை அவளிடமே திருப்பி ஒப்படைத்தும்விட்டான்.

ஆனால் அவள், "வலி இருக்குது மாமா" என்றாள்.

அதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே, குழம்பில் உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரி. முகம் சுளிக்கவில்லை, முனகவில்லை. அன்பரசு அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. "வடிஞ்சி போச்சேடி, கொஞ்ச நாள் ஆவும்" என்றான். அவளும் சரி என்றாள். மறுநாள், "வலி இருக்குது மாமா." அதற்கும் மறுநாள் அதே. நாலைந்து நாளில் அது அவன் காதில் விழாமல் போய்விட்டது.

அந்த இரண்டு தட்டு மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. அவள் மின்விசிறிக்குக் கீழே வந்து உட்கார்ந்தால் கேட்டது. போர்வையை இழுத்துவிட்டால் கேட்டது. சில நாள் சிமெண்டுத் தரையிலிருந்து வருகிற மாதிரி, சில நாள் கட்டிலுக்குள்ளிருந்து. ஒருநாள் அவள் கையில் ஒட்டியிருந்த முருங்கை இலையை எடுத்துவிடலாம் என்று அன்பரசு கையை நீட்டினான். அவன் விரல் அவள்மேல் படவில்லை, ஒரு சாண் இருக்கிறது. அதற்குள் டொக் டொக். சுவருக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

"கேட்டியா?"

"கேட்டுது. யாருக்கோ அடிபட்டுடுச்சு, பாவம்" என்றாள் அவள். சொல்லிவிட்டு விழித்தாள். "ஏன் மாமா அப்பிடிப் பாக்குற?"

இனித் தாங்காது என்று சாமிக்கண்ணுவிடம் போய் நின்றான். சாமிக்கண்ணு மண்டியில் தராசு பார்க்கிறவன், உறவில் மச்சான் முறை. ஊரில் எந்த வீட்டில் எது நடந்தாலும் அதற்கு ஒரு பழைய கதை வைத்திருப்பான்.

"எனுக்குத் தெரியும் மச்சான்" என்றான் சாமிக்கண்ணு. "நீ வூடு கட்ன எடம் இன்னா எடம்? கெணத்த மூடுன எடம். கெணறு வெட்டும்போது ஒருத்தன் மேல கல்லு வுழுந்துச்சி. ரெண்டு தபா சத்தம் குடுத்தானாம். மூணாவது சத்தம் வரல. எங்கப்பா சொல்வாரு."

"இத்தினி வருசம் இல்லாம இப்ப எதுக்குடா தட்டுறான்?"

"ஒடம்பு நொந்து கெடந்த பொம்பள. எடம் பாத்து வந்துட்டான். பேச்சே மாறுதுன்ற, சொன்னது அவுளுக்கே தெரிலன்ற. இன்னும் இன்னா மச்சான் வேணும்? ஆண்டி பூசாரியக் கூட்டியாறேன், வுடு."

ஆண்டி பூசாரி வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். எலுமிச்சம்பழம், கற்பூரம், கறுப்புக் கயிற்றில் கோத்த செப்புத் தகடு. தமிழ்ச்செல்வியைக் கட்டிலிலேயே உட்காரவைத்து, வலது மணிக்கட்டில் தகட்டை வைத்து, "புருசன்தான் கட்டணும், நல்லா இறுக்கிக் கட்டு. தொளதொளன்னு கட்னா நழுவிடும்" என்றார்.

அன்பரசு கயிற்றைச் சுற்றி இழுத்தான்.

டொக் டொக்.

"வந்துட்டான்யா!" என்று சாமிக்கண்ணு இரண்டடி பின்னால் குதித்தான்.

"வரட்டும். நீ இறுக்கு" என்றார் ஆண்டி.

இழுத்தான். டொக் டொக். இன்னும் இழுத்தான். டொக் டொக், டொக் டொக். கற்பூரப் புகையில் தமிழ்ச்செல்வி வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஆனால் கண் இரண்டிலும் தண்ணீர் தாரைதாரையாக இறங்கியது. "அழறவ அவ இல்ல, அவன் அழறான்" என்றார் ஆண்டி. "போவ மனசில்லாம அழறான். முடிச்சிப் போடு." அன்பரசு மூன்று முடிச்சு போட்டான்.

மூன்று நாள் பார்த்தான். சத்தம் குறையவில்லை, கூடியது. அடுத்த வியாழக்கிழமை, சிதம்பரத்துக்குப் போக வேண்டிய நாளும் வந்தது.

டாக்டர் சுவேதாவுக்கு முப்பத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். அவசரப்படாமல் பேசுகிற பெண். தமிழ்ச்செல்வியின் விரல் மூட்டு ஒவ்வொன்றையும் பட்டும் படாமலும் தொட்டுப் பார்த்தார். எங்கேயோ டிங் டிங்கென்று ஓர் ஓசை கேட்டது. மேஜையில் இருந்த ஏதோ மெஷின் என்று நினைத்துக்கொண்டார். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அன்பரசுவுக்கு வேர்த்துக் கொட்டியது. பஸ் ஏறி, கடலூர் தாண்டி, கூடவே வந்திருக்கிறானே!

"கட்டின கயிறு இறுக்கமா இருக்கே" என்றார் டாக்டர்.

"வேண்டுதல் மேடம்" என்றான் அன்பரசு.

"ரத்தத்துல நோய் அடங்கியிருக்கு, வீக்கமும் இல்ல. ஆனா வலி எவ்ளோன்னு கேட்டா பத்துக்கு ஒம்போதுன்றாங்க. ரெண்டும் ஒத்துப்போகல. சில பேருக்கு நோய் அடங்கிடும், வலியைச் சொல்ற நரம்பு மட்டும் அடங்காது. காத்து பட்டாலும் அடி வுழுந்த மாதிரி சொல்லும். அப்படி இருந்தா வேற மாத்திரை குடுக்கணும். அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு."

கையடக்கமான ஒரு கருவி. முனையில் ரப்பர். கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து மெல்ல மெல்ல அழுத்துவார்கள், எத்தனை கிலோ அழுத்தம் என்று நம்பர் ஏறும். "வலிக்க ஆரம்பிச்ச ஒடனே போதும்னு சொல்லணும்மா. தாங்கிக்கக் கூடாது. இது பரீட்சை இல்ல" என்று டாக்டர் இரண்டு தரம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். பரிசோதனை செய்கிற ஆள் அழுத்தத் தொடங்கினான். டிங் டிங். நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு, மூன்று. டிங் டிங். ஐந்து. தமிழ்ச்செல்வி எதிரே இருந்த காலண்டரைப் பார்த்தபடி இருந்தாள். டிங் டிங், டிங் டிங். எட்டைத் தாண்டியதும் அவனே பயந்துபோய் எடுத்துவிட்டான்.

"எட்டா?" என்றார் டாக்டர். "எனக்கே அஞ்சு ஆறுல வலிச்சிடும். அம்மா, வலிக்கலயா?"

"வலிச்சுது மேடம்."

"அப்ப ஏன் போதும்னு சொல்லல?"

தமிழ்ச்செல்வி, "வாய் வரல" என்றாள்.

டாக்டர் தாளில் எழுதினார். மற்றவர்களைவிட அதிகமாகவே வலி தாங்குகிற உடம்பு, நரம்பில் கோளாறு தெரியவில்லை. அன்பரசுவிடம், "பயத்துலயே கையை முடக்கி வெச்சிருக்காங்கன்னு தோணுது. மாத்திரை அப்படியே போகட்டும். பழைய வேலைய ஆரம்பிக்கச் சொல்லுங்க. கை பழகினா பயம் போயிடும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு நெரிசலில் புகுந்து கடலூர் வண்டியில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். வண்டி நகர்ந்ததுமே காலடியில் தகரத்தில் டொக் டொக். அன்பரசு குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு, அவளை எதுவும் அண்டக் கூடாதென்று அவள் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டான். கடலூர் வரைக்கும் விடவில்லை. கடலூர் வரைக்கும் அதுவும் விடவில்லை. பாலத்துக்குக் கீழே முகத்துவாரத் தண்ணீர் வெயிலில் தகதகத்தது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அவள் ஒரே ஒரு தரம் பேசினாள்.

"திங்கக்கெழம கொட்டாய்க்குப் போவணுமா மாமா?"

"டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே. போவலன்னா எப்பிடி நல்லாவும்?"

"சரி."

திங்கட்கிழமை காலை கூழும் மோர்மிளகாயுமாகத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அன்பரசுவே அவளைக் கொண்டுபோய்க் கொட்டாயில் விட்டான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பதினாலு பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வறுத்த கொட்டையின் காரல் நெடி மூக்கை அறுத்தது. டக்கு டக்கென்று பதினாலு கட்டையும் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசினால் கேட்காது. ஆம்பிளைகளுக்கு அங்கே வேலை இல்லை. மூட்டை போடுகிறவன் வாசலோடு போய்விடுவான். அன்பரசு இத்தனை வருஷத்தில் அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே நின்றது அன்றைக்குத்தான்.

"வாடி செல்வி!" என்று இருசம்மாள் வாயெல்லாம் பல்லாக வந்தாள். கொட்டாயை நடத்துகிறவள் அவள்தான். பெருத்த சரீரம், வெற்றிலை வாய், ஊருக்கே கேட்கிற தொண்டை. "உன் எடத்துல நான் யாரையும் ஒக்கார வுடல, போய் ஒக்காரு. பாத்து, மெதுவா. மொதல்ல பத்துக் கொட்ட ஒடச்சா போதும்."

தமிழ்ச்செல்வி கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சாம்பலைத் தொட்டுக்கொண்டாள். ஒரு கொட்டையை நிறுத்தி, கட்டையை எடுத்தாள். தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

டொக் டொக்.

கட்டைச் சத்தத்தை மீறி அது மட்டும் தனியாகக் கேட்ட மாதிரி பதினாலு கட்டையும் ஒரே நேரத்தில் நின்றன. அத்தனை இரைச்சல் இருந்த இடத்தில் குண்டூசி விழுந்தால் கேட்கும். பெண்கள் ஒருத்தியும் கத்தவில்லை, கதவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவளின் விரலைப் பார்த்தாள்.

"யாருக்குடி அடிபட்டுடுச்சு?" என்றாள் இருசம்மாள்.

"எனுக்கில்லக்கா."

"எனுக்கும் இல்ல."

டொக் டொக்.

"யாருக்கோ அடிபட்டுடுச்சு" என்றாள் தமிழ்ச்செல்வி. தூக்கிய கட்டை இன்னும் கீழே வரவில்லை. அவளும் சுற்றி இருக்கிறவர்களின் விரலைத்தான் தேடினாள்.

இருசம்மாள் மெல்லக் குனிந்தாள். தமிழ்ச்செல்வியின் புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கினாள். வலது கால் இரண்டாம் விரல் வில்லாக வளைந்து எழுந்து, மெட்டியோடு கல்லின் அடியில் இறங்கியது. டொக் டொக். இருசம்மாள் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குள்ளேயும் அது துடித்தது.

"யாருக்கோ இல்லடி" என்றாள் இருசம்மாள். "ஒனக்குத்தான்டி. அடிபட்டது ஒனக்கு."

தமிழ்ச்செல்வி தன் காலை வேற்றாள் காலைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "இது எப்பலேருந்து தட்டுது?" என்று கேட்டாள்.

"இன்னா இது? எனுக்கு ஒண்ணும் புரிலயே" என்றான் அன்பரசு.

இருசம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"உனுக்கு எப்பிடிப் புரியும்? கட்ட கைல வுழுந்தா இங்க ஒருத்தியும் அய்யோன்னு கத்தக் கூடாது. கத்துனா அன்னிக்கிப் பூரா எல்லாருக்கும் பருப்பு ஒடஞ்சிகினே இருக்கும், எங்க மாமியா காலத்துலேருந்து வர்ற வழக்கம். வாயத் தொறக்க மாட்டோம். வெறுங்கல்லுல ரெண்டு தட்டு தட்டுவோம். அடிபட்டுடுச்சின்னு அர்த்தம். எல்லாரும் ஒரு நிமிசம் நிறுத்துவோம். பக்கத்துல இருக்கிறவ எண்ணெ தடவி வுடுவா. அவ்ளோதான். இருவத்தாறு வருசம்யா. இவ வாயி மறந்துபோச்சி. கை ஓஞ்சதும் காலு எடுத்துக்கிச்சி. வூட்டுல தட்டுனாளா?"

அன்பரசு வாசற்காலைப் பிடித்துக்கொண்டான். "தட்டுனா" என்றான்.

"எத்தினி நாளா?"

"பங்குனியிலேருந்து."

"வீக்கம் இருந்த வரிக்கும் பாத்தாலே தெரிஞ்சிது. அது வடிஞ்சதும் பங்குனியிலேருந்து தட்டிகினு இருந்திருக்கா, நீ இன்னா பண்ண?"

கதவைத் திறந்து பார்த்தேன் என்பதா? கிணற்றில் செத்தவன் கதையைக் கேட்டேன் என்பதா? கயிற்றை இழுக்க இழுக்க அது தட்டியதும், தட்டத் தட்ட அவன் இழுத்ததும் கண்முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்துவந்து, அவள் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து, தகட்டுக் கயிற்றை அறுத்துப் போட்டான். மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாகத் தடம் பதிந்திருந்தது.

"ஏண்டி, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னனே மாமா" என்றாள் தமிழ்ச்செல்வி. கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "வலி இருக்குதுன்னு தெனமும் சொன்னனே."

அவன் அங்கேயே, அத்தனை பெண்களுக்கும் நடுவில், தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கட்டைகள் நின்றது நின்றபடியே இருந்தன. அவளைக் கொட்டை உடைக்க விடவில்லை. இருசம்மாளே எழுப்பிக் கூட்டிக்கொண்டுவந்து தெருவில் விட்டாள்.

மறுநாள் அவர்களுக்கு முறை இல்லாத நாள். ஆனாலும் அன்பரசு அவளையும் கூட்டிக்கொண்டு விடியக் கிளம்பிச் சிதம்பரத்துக்குப் போய், டாக்டர் அறை வாசலில் பத்தரை மணிவரைக்கும் நின்றான். உள்ளே கூப்பிட்டதும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். கொட்டாய் வழக்கம், மெட்டி, கயிறு, பஸ்ஸில் கையைப் பொத்திக்கொண்டது வரைக்கும். டாக்டர் சுவேதா குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "அன்னைக்கி அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுது" என்றார். முகம் வெளுத்திருந்தது. "இரும்பு மேஜைக் கால்ல மெட்டி பட்டிருக்கு, நான் மெஷின்னு நெனச்சேன்."

"அவ வாயப் பாக்காதீங்க மேடம். காலப் பாருங்க."

இந்தத் தரம் டாக்டரே கருவியை எடுத்தார். அன்பரசு கையை நீட்டினான். "மொதல்ல எனுக்கு வைங்க. சாதாரண ஆளுக்கு எதுல வலிக்குதுன்னு நான் பாக்கணும்" என்றான். வைத்தார். ஆறு கிலோவைத் தாண்டியதும், "ஆ, போதும் போதும்!" என்று கையை இழுத்துக்கொண்டான்.

அடுத்து தமிழ்ச்செல்வி. செருப்பைக் கழற்றி, காலை ஒரு மரப்பலகையின் மேல் வைத்தாள். டாக்டர் ரப்பர் முனையை அவள் கட்டைவிரல் நகத்தின் மேல் கொண்டுவந்தார். முனை நகத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே கால்விரல் மெல்ல வளைந்து எழுந்தது. அறையில் மூன்று பேரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தனியாக உயிர் உள்ள ஒன்றைப் போல மேலே நின்று காத்திருந்தது. தமிழ்ச்செல்விக்கே அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. முனை தொட்டது. டொக் டொக்.

டாக்டர் உடனே எடுத்துவிட்டு, நம்பரைத் திருப்பிக் காட்டினார். பூஜ்யம் புள்ளி எட்டு.

எண்ணூறு கிராம். அன்பரசுவுக்கு எடை என்றால் கைக்குத் தெரியும். கறிக்கு அறுக்கிற பலாப்பிஞ்சுகூட எண்ணூறு கிராமில் மண்டிக்கு வராது. வந்தால் ஓரமாகத் தள்ளிவிடுவான். ஈரப் போர்வை அதைவிடக் கனம். சோற்றுக் குண்டான் அதைவிடக் கனம். ஆசையாக அவன் வைத்த கை அதைவிட எத்தனை கனம்! மூன்று மாசமாக அவள் தலையில் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று அவன் மனசுக்குள் கூட்டிக்கொண்டே போனான்.

"நான் எழுதினது தப்பு" என்றார் டாக்டர், தமிழ்ச்செல்வியைப் பார்த்து. "நீங்க சொன்னதுதான் சரிம்மா. நோய் அடங்கிடுச்சு, அந்த மருந்து வேலை செஞ்சிருக்கு, அதை ஏத்தவும் வேணாம், நிறுத்தவும் வேணாம். வலியைச் சொல்ற நரம்புதான் இன்னும் அடங்கல. அதுக்குத் தனியா மாத்திரை, தனியா பயிற்சி. சீக்கிரம் கொறையும்னு பொய் சொல்ல மாட்டேன், மாசக்கணக்குல ஆகலாம். முழுசாப் போகுமான்னும் தெரியாது. கொட்டாய் வேலை இப்போதைக்குக் கெடையாது."

"அப்ப இது என் மனசு இல்லியே மேடம்?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"இல்லம்மா. நிஜமான வலி."

தமிழ்ச்செல்வி தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் நாலு படி, அதற்குக் கீழே ஆட்டோவும் சைக்கிளுமாகத் தெரு நெரிந்துகொண்டிருந்தது. அன்பரசு எப்போதும் போல அவளைப் பிடித்து இறக்கக் கையை நீட்டினான். நீட்டின கை பாதியில் நின்றது. ஒரு சாண் இடைவெளி. அவன் அவள் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தான்.

"புடிக்கட்டாடி?"

தமிழ்ச்செல்வியின் உதடு பிரிந்தது. ஏதோ பெரிய பாரத்தை நகர்த்துகிறவள் போலச் சிரமப்பட்டு, சத்தமாக, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள்.

"வேணாம் மாமா, வலிக்கும். கூட நட."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் இறங்குகிற வேகத்துக்கு ஒவ்வொரு படியாக இறங்கினான்.